படுதாவில் காய்ந்த அகத்தி

காலை ஆறரை மணி. கொட்டகை வாசலில் கொடியில் கிடந்த படுதாவுக்கு அடியில் குனிந்து நுழைந்த பாண்டிச்செல்வியின் பிடரியில் சில்லென்று தண்ணீர் சொட்டியது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். தீவனத் தட்டு கையிலிருந்து நழுவியது.

முயல் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், தட்டுச் சத்தம் கேட்டால் குட்டிகள் கூண்டு வாசலுக்கு முண்டியடிக்கும். இன்று ஒன்றும் வரவில்லை. கீழ்வரிசையில் இருந்த வளர்குட்டிகள் சரிந்து கிடந்தன. மூன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. கண் விழித்திருந்தது, கழுத்து நிற்கவில்லை.

நான்தான் கொன்னுட்டேன் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. சோயாப் புண்ணாக்கைப் பாதியாகக் குறைத்து, அதற்கு ஈடாக அகத்தி இலையைக் காயவைத்துப் பொடித்துக் கலந்தது அவள்தானே. எலையத் தின்னு எந்தக் குட்டி எடை ஏறும் என்று கேலி பேசியவர்களுக்கு முன்னால் தராசில் நிறுத்துக் காட்டியவள். இந்தக் குட்டிகள் தேறினால் கால்நடைத் துறை இன்னும் ஐம்பது குட்டி தரும். தேறாவிட்டால் மறுபடியும் பட்டாசுக் கம்பெனி வேனில்தான் ஏற வேண்டும். அவள் அக்கா பொன்மணி ஏறிப் போய்க் கரிக்கட்டையாகத் திரும்பிய வேலை அது.

புருஷன் முனியராஜ் ஓடி வந்து எட்டிப் பார்த்தான். "நாகையாதான். பருத்திக்கு மருந்தடிக்கேன்னு வேலியோர அகத்தியிலயும் அடிச்சிட்டான். வேற யாரு?"

அவள் யோசிக்கவே இல்லை. நேரே பக்கத்துக் காட்டுக்காரர் நாகையாவின் வீட்டு வாசலுக்குப் போய், மண்ணை வாரித் தூற்றி, அவர் வம்சமே விளங்காது என்று சாபம் விட்டாள். அந்த மனுஷன் வாயில் பல்குச்சியோடு மலைத்துப்போய் நின்றார்.

தகவல் போய், ஒன்பது மணிக்குக் கால்நடை ஆய்வாளர் செல்லக்கனி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நாற்பது வயதுக்காரி. வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிப்பவள். படுதாவுக்கு அடியில் குனிந்து நுழைந்தவள், தோளில் விழுந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"மழை பேஞ்சு எம்புட்டு நாளாச்சு?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும் மேடம். ஆறரைக்கு நான் நுழையும்போதே இது சொட்டிட்டுக் கெடந்துச்சு."

செல்லக்கனி செத்த குட்டிகளைப் புரட்டினாள். வயிறு ஊதவில்லை. வாயில் நுரை இல்லை. கைகால்கள் துணியாகத் துவண்டு கிடந்தன.

"மேல் வரிசைத் தாய் முயலுக்கு என்ன போட்ட?"

"அதே மரத்து அகத்தி, பச்சையா ஒடிச்சுப் போட்டேன்."

"பச்ச எலையத் தின்னது நல்லாருக்கு. காஞ்ச எலையத் தின்னது செத்திருக்கு. நாகையா மருந்தடிச்சா மொதல்ல பச்சயத் தின்னதுல்ல சாகணும்?"

வேலிக்கு அப்பால் நின்ற நாகையா தலை நிமிர்ந்தார். பாண்டிச்செல்விக்கு அந்தப் பக்கம் திரும்ப முகமில்லை. அவரில்லை என்றால் தன் கலவைதான்.

"அப்ப எம்பொடிதான் மேடம். எழுதிக்கோங்க. எனக்கு எதுக்கு இந்தக் கிறுக்கு வேலை..." உடைந்து அழுதாள். முனியராஜ் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"அழுகைய அப்புறம் வச்சிக்க. இதுக்கு முன்னாடி இதே பொடியத் தின்னு எடை கூடுச்சா இல்லையா?"

"கூடுச்சு. அந்தப் பொடியில கொஞ்சம் டப்பாவுல கெடக்கு. நேத்து சாயங்காலம் போட்டதுதான் புதுப் பொடி."

"புதுச எங்க காய வச்ச?"

"எப்பவும் போல மாடியில. இந்தப் படுதாவுலதான். இருக்கன்குடிக்குப் போயிட்டு வந்த மறுநாள்."

"கோயிலுக்கு யார் யார் போனீக?"

"நானும் எம்மக ஹர்ஷினியும். இவுக வீட்டுல இருந்தாக."

செல்லக்கனி முற்றத்து அடுப்பை மூட்டச் சொன்னாள். பழைய பொடியில் ஒரு சிட்டிகை தூவினாள். மஞ்சளாகப் பொசுங்கியது. புதுப் பொடியைத் தூவினாள்.

சடசடவென்று பொரிந்து, வெளிறிய பச்சையாக எரிந்தது.

சிவகாசிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்தப் பச்சையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பூச்சட்டி வாணத்துக்குப் பச்சை நிறம் தரும் உப்பு. தடை போட்ட பிறகும் திருட்டுத்தனமாகக் கை மாறுகிற விஷம்.

"பச்சை உப்பு," என்றார் நாகையா வேலிக்கு அப்பாலிருந்து.

"நீ கோயிலுக்குப் போன அன்னைக்கு, ஈரமாயிப்போன உப்ப யாரோ இந்தப் படுதாவுல காய வச்சிருக்காக," என்றாள் செல்லக்கனி. "தையல்ல ஒட்டுனது எலையில ஏறியிருக்கு. முனியராஜ் தம்பி, படுதாவக் கழுவுனது யாரு?"

"நான்தான்... குட்டி செத்ததப் பாத்து, ஒரு சுத்தத்துக்கு..."

"எப்ப பாத்தீக? ஒங்க பொண்டாட்டி ஆறரைக்குக் கதவத் தொறக்கும்போதே படுதா சொட்டிட்டு இருந்திருக்கு. அவளே சொன்னா. அவளுக்கு முன்னாடியே நீங்க உள்ள போயி எல்லாத்தையும் பாத்திருக்கீக. எதனால செத்துச்சுன்னு தெரிஞ்சவருதான் பொண்டாட்டிய எழுப்பிச் சொல்லாமப் படுதாவக் கழுவுவாரு."

முனியராஜ் கையெடுத்துக் கும்பிட்டான். "சீசனுக்கு ஒரே ஒரு பூச்சட்டி ஆர்டர் மேடம். படுதாவ உதறிட்டாப் போதும்னு நெனச்சேன். இவ அங்கன எலையப் போடுவான்னு யோசிக்கல."

"மிச்சம் எங்க?"

அவன் கண் வீட்டின் உள்ளறைப் பக்கம் போனது. பள்ளிக்கூடம் லீவு என்று ஹர்ஷினி இன்னும் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாண்டிச்செல்வி உள்ளே ஓடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு மூட்டைகள். ஒன்றில் பச்சை உப்பு, இன்னொன்றில் பட்டாசுக்குப் போடும் கரி மருந்து. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் தினமும் சோறு பொங்கும் முற்றத்து அடுப்பு. இப்போதும் அது எரிந்துகொண்டிருந்தது.

"மேடம், அடுப்ப அணைங்க!"

மகளைத் தூக்கத்தோடு வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முனியராஜ் குறுக்கே வந்து கையைப் பிடித்தான். "செல்வி, மாட்டிக்குவேன் செல்வி."

"நான்தான் கொன்னேன்னு அழுதப்ப பக்கத்துல நின்னு பாத்தீகளே. அந்தப் பெரிய மனுஷன் வாசல்ல மண்ணத் தூத்த விட்டீகளே." கையை உதறினாள். வேலியோரம் போனாள். காலையில் அள்ளிய மண் இன்னும் அவள் நகக்கண்ணில் இருந்தது.

"அண்ணே, என்னைய மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்ல. புள்ளைய மட்டும் பிடிங்க."

நாகையா இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் திரும்பி, செல்லக்கனியிடம் போனைக் கேட்டு வாங்கினாள். போலீசுக்குத் தன் கையாலேயே நம்பரை அழுத்தினாள்.