பாதியைத் திருப்பிக் கொடுக்கவா?

தொகுரா முனேயோ ஊராருக்குத் திருப்ப வேண்டியிருந்தது ஒரு லட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரம் யென். மனைவி சயோகோவின் சாவுக்கு நாற்பத்து மூன்று பேர் மொய்க் கவர் வைத்தார்கள். ஊர் வழக்கப்படி, வந்ததில் பாதி மதிப்புக்குப் பொருள் வாங்கி நாற்பத்தொன்பதாம் நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். தேயிலை, சர்க்கரை மாதிரி தின்று தீர்கிற பொருளாக இருக்க வேண்டும். துக்கம் யார் வீட்டிலும் தங்கக் கூடாது. நாளை நாற்பத்தொன்பதாம் நாள். கவர்கள் இழுப்பறையில் இருந்தன, காலியாக.

பணம் முழுக்கக் கைப்பேசி விளையாட்டுக்குள் போய்விட்டது. பத்துப் பெட்டி திறக்க மூவாயிரம் யென். ஏதோ ஒரு பெட்டிக்குள் நரிக்காது வைத்த பெண் ஒருத்தி இருந்தாள். விளம்பரத்தில் அவள் சிரித்த சிரிப்பு, நோயில் படுக்கையாக விழுவதற்கு முன்பு சயோகோ சிரித்த சிரிப்பேதான். இரவெல்லாம் சாலை வேலையிடத்தில் சிவப்பு விளக்கை ஆட்டிவிட்டு வந்து, மனைவியின் எலும்புகள் இருந்த சாடிக்கு முதுகைக் காட்டிப் படுத்து, போர்வைக்குள் ஒளிந்துகொண்டு, அடுத்த பெட்டி, இன்னும் ஒரே ஒரு பெட்டி என்று திறந்தான். அவள் வரவேயில்லை.

மூன்று நாளைக்கு முன் ஒரு பெட்டி இலவசமாக வந்தது. எப்போதும் சிவப்பும் பொன்னுமாகக் கயிறு கட்டியிருக்கும். இதில் கறுப்பும் வெள்ளையும். சாவு வீட்டுக் கவரில் கட்டுகிற கயிறு. ‘பாதியைத் திருப்பிக் கொடுக்கவா?’ என்று கேட்டது. கீழே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. அதையெல்லாம் அவன் என்றைக்குப் படித்தான்? ‘சரி’யைத் தொட்டான்.

அன்றிலிருந்து கைப்பேசி தானாக மணியடித்தது. ஒவ்வொரு மணிக்கும் திரையில் வெளிறிய மையில் ஒரு பெயர் எழுந்து மறைந்தது. கவர்களில் இருந்த அதே பெயர்கள். ஒவ்வொரு மணிக்குப் பிறகும் முதுகுக்குப் பின்னால், ஊதுபத்திப் புகை சுற்றும் மூலையில், யாரோ மூடியைத் தூக்கி வைப்பது போல ‘டக்’ என்று ஒரு சத்தம். அவன் திரும்பவில்லை. எந்த முகத்தோடு திரும்புவது?

இன்று மதியம், மழைக்கு நடுவே மேஸ்திரி எபிஹாரா போனில் கூப்பிட்டார்.

“யோவ் தொகுரா, கஞ்சப் பிசினாரி! இவ்வளவு ஒசத்தி சர்க்கரைய எங்கய்யா புடிச்ச? ஒரே நாள்ல டப்பாவைக் காலி பண்ணிட்டேன்னு பொண்டாட்டி திட்றா.”

“சர்க்கரையா?”

“உன் பேர்லதான்யா வந்துச்சு. வெள்ளை வெளேர்னு, கட்டிக் கட்டியா. ஒரே ஒரு கொறதான், கரைய மாட்டேங்குது. கடிச்சுத்தான் திங்கணும்.”

முதலில் வந்தது பயம் இல்லை, நிம்மதி. யாரோ அனுப்பிவிட்டார்கள். இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நிம்மதியை நினைத்து உடனே உடம்பு கூசியது.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ஹிரோசே அம்மா, கையில் மூடி போட்ட கோப்பை.

“இந்தாங்க தம்பி. தனிக்கட்டைக்கு எதுக்கு இவ்வளவு அனுப்புனீங்க? உங்களுக்கும் ரெண்டு கட்டி போட்டுக் காப்பி கலந்து கொண்டாந்தேன். குடிங்க, முகமே செத்துக் கெடக்கு.”

“வேண்டாம்மா...”

“சும்மா குடிங்க. நீங்க இவ்வளவு முறையா செஞ்சதைப் பார்த்திருந்தா சயோகோ பூரிச்சுப் போயிருப்பா.”

அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் கோப்பைக்குள் முகத்தை வைத்துக் குடித்தான். நல்ல தித்திப்பு. தித்திப்புக்கு அடியில் ஊதுபத்தி வாசம். கடைசி மடக்கில் கட்டி ஒன்று நாக்கில் உருண்டது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். துப்ப முடியவில்லை.

அவள் போனதும் மணி அடித்தது. நாற்பத்து மூன்றாவது பெயர், கடைசிப் பெயர்.

டக்.

திரும்பினான்.

சாடியைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியின் முடிச்சு அவிழாமல் இருந்தது. தூக்கினான். லேசாக இருந்தது. எரிமேடையிலிருந்து கொண்டுவந்த அன்று இரண்டு கையும் வலித்தது. அவனே குச்சியால் எடுத்து வைத்த எலும்புகள். பாதம் முதலில், மண்டை கடைசியில், உள்ளே அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதற்காக.

மூடியைத் திறந்தான்.

பாதம். முழங்கால். இடுப்பு.

அதற்கு மேல் இல்லை.

பின்னால் திரை வெளிச்சமானது. ‘கடன் தீர்ந்தது.’ கறுப்பு வெள்ளைக் கயிறு தானாக அவிழ்ந்தது. பெட்டி திறந்தது. வந்துவிட்டாள். நரிக்காது. வெள்ளை முகம். தோள், மார்பு. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

அவள் வாயைத் திறந்து சிரித்தாள்.

கைப்பேசியில் சத்தம் இல்லை. சயோகோவின் சிரிப்பு அவன் வாய்க்குள்ளிருந்து கேட்டது, நாக்குக்கு அடியில், இன்னும் கரையாத அந்தக் கட்டியிலிருந்து.