ஏறிப் பார்க்காத படி

மரப்படி இடம் மாறியிருந்தது.

ஓரடி உயரம், மேலே கறுப்பு ரப்பர் ஒட்டிய படி. இ.சி.ஜி. எடுக்கும் கட்டிலுக்கு அடியில் சுவரை ஒட்டித்தான் எப்போதும் கிடக்கும். அன்று காலை டாக்டர் திரவியம் உள்ளறையைத் திறந்தபோது அது அறையின் நடுவே, நாற்காலிக்கு எதிரே, யாரோ ஏறுவதற்காக இழுத்துப் போட்டதுபோல் இருந்தது. கூட்டும்போது ராகேல் நகர்த்தியிருப்பாள் என்று நினைத்துக் காலால் உள்ளே தள்ளினார். ரப்பரில் ஈரம் இருந்தது.

"ராகேலே, உள்ள தண்ணி தெளிச்சியா?"

"இல்லையே டாக்டரே. நான் இப்போதானே வந்தது. சாவி உங்க கையிலல்லே இருந்தது?" வெளியே மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் ராகேல். பாறசாலைக்காரி. பதினோரு வருடமாக அவரிடம் நர்ஸாக இருக்கிறாள்.

திரவியம் நாகர்கோவிலிலிருந்து வந்து கழக்கூட்டத்தில், நெடுஞ்சாலையோரம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே கிளினிக் போட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. காய்ச்சலும் சர்க்கரையும்தான் பெரும்பாலும். ஜனவரி பிறந்தால் மட்டும் ஐ.டி. ஆபீஸ் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். வித்துரா தாண்டி, போணக்காட்டுக்கும் மேலே இருக்கும் மலைக்கு மூன்று நாள் நடந்து போய்வர உடல்தகுதிச் சான்று வேண்டும். அதற்காகத்தான் அந்தப் படி. நிமிடத்துக்கு இருபத்து நான்கு முறை, மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும். அவர் பேனாவால் மேசையில் தட்டித் தாளம் கொடுப்பார். முடிந்ததும் உட்காரவைத்து நாடி பார்ப்பார். எவ்வளவு வேகமாக ஏறுகிறார்கள் என்பது பெரிதில்லை. ஏறி முடித்த நெஞ்சு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

போன வருடம் ஒருவனை மட்டும் அவர் ஏறச் சொல்லவில்லை.

மகேஷ்குமார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், முப்பத்து நான்கு வயது. தொப்பை இல்லை, சிகரெட் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. பார்த்தாலே தெரிகிறதே என்று அவர் எழுதத் தொடங்கிவிட்டார். எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்: "சார், மாடிப்படி ஏறுறப்ப தாடையில ஒரு வலி வருது. நின்னா போயிருது. பல்லாத்தான் இருக்கும்னு நெனைக்கேன்."

"ம்" என்றார் அவர். சான்றில் முத்திரையை அழுத்தினார்.

இரண்டாம் நாள், கயிறு பிடித்து ஏறும் கடைசிப் பாறைக்குச் சற்றுக் கீழே அவன் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. கீழே கொண்டுவர ஒன்பது மணி நேரம் ஆயிற்று என்று கூடப்போனவர்கள் சொன்னார்கள்.

முந்தின நாள்தான் அவன் மனைவி பொன்செல்வி வந்திருந்தாள். சண்டை போடப் போகிறாள் என்றே அவர் நினைத்தார். அவளோ நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். அவுக இங்க படி ஏறினாகளா?"

"ஏறினாரும்மா. நல்லாவே ஏறினாரு." வாய் தானாகச் சொல்லியது.

"வலின்னு ஏதாவது சொன்னாகளா?"

"ஒண்ணும் சொல்லலியே."

அவள் தலையை ஆட்டினாள். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். "அப்போ எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்காக. பல்லு டாக்டர்கிட்ட போயிட்டு வாங்கன்னு நாந்தான் சொன்னேன். வேற ஒண்ணும் தோணல சார் எனக்கு." எழுந்து கும்பிட்டாள். "நீங்க பாத்து அனுப்பியிருக்கீக. தப்பு எங்கிட்டதான்."

அவள் இறங்கிப்போகும் செருப்புச் சத்தம் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். அடுத்த டோக்கனைத்தான் கூப்பிட்டார்.

மறுநாள்தான் படி நகர்ந்திருந்தது.

அதற்கப்புறம் சத்தம். முதலில் அவர் அதைக் கீழே ஜெராக்ஸ் கடையின் மெஷின் என்றுதான் எண்ணினார். மதியம் ஆள் ஒழிந்த நேரத்தில், மேம்பாலத்து லாரிகளின் இரைச்சல் ஜன்னல் கண்ணாடியை நடுக்கிக்கொண்டிருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில், மூடிய உள்ளறைக் கதவுக்குப் பின்னால், மரத்தின்மேல் ரப்பர் அமுங்கும் மெத்தென்ற ஓசை ஒன்று சீராக வந்துகொண்டிருந்தது. இரண்டு மேலே, இரண்டு கீழே. கதவைத் திறந்தால் நின்றுவிடும். அறையில் ஸ்பிரிட் வாடையோடு வேறொரு வாடையும் இருக்கும். மக்கிய இலை, நனைந்த ஷூ, அட்டை கடிக்காமலிருக்கக் காலில் தேய்க்கும் புகையிலை. படி நடுவில் இருக்கும். அவர் தள்ளி வைப்பார். மறுபடி நடுவில் இருக்கும்.

மூன்றாம் நாள் ராகேல் சொன்னாள்: "டாக்டரே, இனி அந்த ரூமுல நான் தனியே போகமாட்டேன். ஏன்னு கேக்கண்டாம்."

"என்ன கேட்டுது?"

"கேட்டது ஒண்ணும் இல்ல. யாரோ எனக்கு முன்னாடி நின்னு மூச்சு விட்டது." கழுத்தில் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம் மாதிரி இருந்தது. அதான் கூடுதல் பயம்."

அந்த வாரம் ஆர்ஷா என்ற பெண் வந்தாள். இருபத்தாறு வயது, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவள். சான்று ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும் என்ற நினைப்பு அவளுக்கு.

"டாக்டர், நான் டெய்லி ஜிம்முக்குப் போறேன். ட்ரெட்மில்லுல அரை மணிக்கூர் ஓடுவேன்."

"முதுகுல பை மாட்டி ஓடுவியா?"

"அது இல்ல."

"எறங்குறது? மூணு மணி நேரம் எறங்கினா முட்டு தாங்குமா? ரெண்டு மாடி ஏறிட்டு நிக்காமப் பேச வருமா உனக்கு?" அவர் குரல் அவருக்கே கடுமையாகப் பட்டது. "ஏறு மக்களே. பாப்போம்."

அவர் தட்டினார். அவள் ஏறினாள். முதல் நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாம் நிமிடத்தில், அவள் காலடி ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொரு காலடி, அரைக்கணம் பிந்தி, அவளுக்குச் சமமாக வந்து சேர முயன்று முடியாமல் போகும் ஒருவனுடையதுபோல் விழுவதைக் கேட்டார். பேனா தடுமாறியது. ஆர்ஷா மூச்சிரைக்கச் சிரித்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

"போதும்."

அவள் நின்றாள். பின்னால் வந்தது நிற்கவில்லை. ஏறியது. இறங்கியது. பிறகுதான் அடங்கியது.

அவள் நாடி நூற்று ஐம்பது. ஒரு நிமிடம் கழித்தும் நூற்று நாற்பத்திரண்டு.

"இந்த வருஷம் வேண்டாம். ஆறு மாசம் தெனமும் மாடி ஏறு, பையோட நட. அடுத்த வருஷம் வா."

"டாக்டர், ப்ளீஸ். எல்லாரும் போறாங்க. டிக்கெட் கிடைச்சதே பெரிய காரியம்."

"திட்டிட்டுப் போ மக்களே. போயிராதே அங்க."

அவர் கண் கலங்கியதைப் பார்த்து அவள் வாயை மூடிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை ஆறரைக்கு மின்சாரம் போயிற்று. ராகேல் முன்னதாகவே கிளம்பிவிட்டாள். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. மேம்பாலத்து வண்டிகளின் விளக்குகள் கூரையில் ஊர்ந்து, சுவரில் இறங்கி, உள்ளறைக் கதவின்மேல் ஒரு கணம் தங்கிப் போய்க்கொண்டிருந்தன. பேட்டரி விசிறியும் நின்றுபோன அந்த அமைதியில் சத்தம் தொடங்கியது. இந்தத் தடவை சீராக இல்லை. ஏறும் கால் இழுத்துக்கொண்டது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் ஒரு மூச்சு, ஓட்டை விழுந்த துருத்தி போன்ற மூச்சு, உள்ளே போக வழியில்லாமல் தொண்டையிலேயே நின்று திரும்பியது.

எழுந்து ஓடியிருக்கலாம். படிக்கட்டு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அவர் போனை எடுத்து, டோக்கன் கேட்டுப் பொன்செல்வி அழைத்திருந்த எண்ணைத் தேடினார். இரண்டு தடவை வேறு எண்ணைத் தொட்டுவிட்டு அணைத்தார்.

"யாரு?"

"டாக்டர் திரவியம் பேசுதேன்மா. கழக்கூட்டம்."

"சொல்லுங்க சார்."

"அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்." ஒரே மூச்சில் சொன்னார். நிறுத்தினால் வராது என்று தெரிந்தது. "அவரு படி ஏறல. நான் ஏறச் சொல்லல. தாடை வலிக்குன்னு எங்கிட்டயும் சொன்னாரு. அது நெஞ்சோட வலின்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். படிச்சவன் நான். நீ இல்ல. உங்கிட்ட ஒரு தப்பும் இல்லம்மா."

போனைக் காதில் அழுத்திக்கொண்டார். எங்கோ குக்கர் விசில் அடித்தது. ஒரு குழந்தை எதையோ ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தது. உள்ளறையில் கால் ஏறியது. இறங்கியது. ஏறியது.

"சார்" என்றாள் பொன்செல்வி. குரல் மாறியிருந்தது. "அங்க யாரு படி ஏறுறா?"

அவர் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"மூச்சு ரொம்ப வாங்குது சார் அவுகளுக்கு. கேக்க முடியல." அவள் அழத் தொடங்கினாள். "உக்காரச் சொல்லுங்க. புண்ணியமாப் போவும். உக்காரச் சொல்லுங்க சார்."

போன் அணைந்தது. சார்ஜ் இல்லை.

அவர் கதவைத் திறந்தார். இந்தத் தடவை சத்தம் நிற்கவில்லை.

இருட்டு. இலை வாடை. குளிர், கழக்கூட்டத்தில் இல்லாத குளிர். சுவரைத் தடவித் தன் நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். எதிரே மூன்றடியில் ரப்பர் அமுங்கியது. எழும்பியது. அமுங்கியது. யாரும் தாளம் கொடுக்காமல், யாரும் நிறுத்தச் சொல்லாமல், எத்தனை நாளாக.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மேசையில் தட்டினார். ஒரு தட்டு. இன்னொன்று. கால்கள் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டன.

மேலே, மேலே. கீழே, கீழே.

ஒரு நிமிடம். மூச்சு கிழிந்தது.

இரண்டு நிமிடம். "இன்னும் கொஞ்சந்தான்" என்றார். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லோரிடமும் சொல்வதுதான்.

மூன்று.

"போதும் மகேஷ். உக்காருங்க."

நின்றது.

எதிர் நாற்காலியின் பிரம்பு, பாரம் ஏறி, மெல்ல நெரிந்தது. முழங்கால் ஒன்று அவர் முழங்காலில் பட்டது. ஈரத்துணி. அவர் கையை நீட்டினார். நீட்டாமல் இருக்க முடியவில்லை.

மணிக்கட்டு ஒன்று அவர் உள்ளங்கையில் வந்து படுத்தது. சில்லென்று. கயிறு உரசித் தோல் உரிந்திருந்தது.

மூன்று விரலை வைத்தார். நாடி இருந்தது.

ஓடியது. தடுமாறியது. மறுபடி ஓடியது. எண்ணினார். அறுபது. நூறு. நூற்று எழுபது. அடங்கவில்லை. அடங்கும் என்று காத்திருந்தார். முப்பது வருடத்தில் யாருக்காகவும் அப்படிக் காத்திருந்ததில்லை.

"நீங்க போக வேண்டாம்" என்றார். கன்னம் நனைந்திருந்தது. "கேக்குதா மகேஷ்? போக வேண்டாம்."

விரலுக்கடியில் ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

பிறகு ஒன்றும் இல்லை.

டியூப்லைட் இரண்டு தடவை மினுக்கி எரிந்தது. எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. பிரம்பு மட்டும் ஒரு ஆள் பாரத்துக்குக் குழிந்து கிடந்தது. அவர் வலதுகை காற்றில் நீண்டிருந்தது. மூன்று விரலும் கட்டைவிரலும் எதையோ சுற்றி, ஒரு மணிக்கட்டின் கனத்துக்கு வளைந்து நின்றன. அந்த விரல்களுக்குச் சற்றுக் கீழே, அவருடைய மணிக்கட்டில், தோல் நான்கு இடத்தில் குழிந்தது. வெளுத்தது. யாரோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.