ஆடி மாசத்தில் ஒற்றை டிக்கெட்

போன் அலறியது!

சூட்கேஸ் மேல் முழங்காலை ஊன்றி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான் மகாராஜன். திரையைப் பார்த்தான்.

மாமனார்!

பன்னிரண்டு மணிக்கு டாக்ஸி. இரவு எட்டரைக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். இந்த நேரத்தில் இவர் எதற்கு...?

"சொல்லுங்க மாமா."

"மாப்ள... செல்வி அங்கன வந்தாளா?" சிவகிரியிலிருந்து சிவனாண்டியின் குரல் நடுங்கியது.

"இங்கனயா? ஆடி பொறக்கவும் நீங்கதான மாமா கூட்டிட்டுப் போனீங்க?"

"காலைல ஆறரைக்கு சங்கரன்கோவில் பஸ்ல ஏறுனா மாப்ள. போன் போட்டா சுவிட்ச் ஆஃப்னு வருது..."

மகாராஜனுக்கு வியர்த்தது. மனைவிக்கு என்ன ஆனதோ என்றா? அட போங்கள்! டாக்ஸி வருவதற்குள் அவள் வந்து தொலைத்துவிடுவாளோ என்று.

வாசலில் ஹாரன். ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

போலீஸ் ஜீப்!

இறங்கியவர் சப்-இன்ஸ்பெக்டர் ஏசுவடியாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடும்போது தவிர மற்ற நேரமெல்லாம் கோபமாகவே இருப்பவர். பின்னால் ஏட்டு முகம்மது சாதிக்.

"எங்கலே கெளம்பிட்ட?"

"சொந்தக்காரங்க வீட்டுக்கு... ரெண்டு நாள்..."

ஏட்டு சூட்கேஸைத் தூக்கிப் பார்த்து முனகினார். "ரெண்டு நாளா? ரெண்டு வருசத்துக்குத் துணி இருக்கு மேடம்!"

மேசை மேல் ஒரு ஃபைல். ஏசுவடியாள் பிரித்தார். புருவம் ஏறியது.

"ஆஸ்திரேலியா ரெசிடென்ஸ் விசா! வந்து பதினாறு நாளாச்சு. நேத்துகூட மாமனார்ட்ட என்ன சொன்ன?"

மகாராஜன் ஃபைலை வாங்கக் கையை நீட்டினான்.

"இன்னும் வரல, காத்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லியிருக்க! டிக்கெட் எத்தன?"

"ஒண்ணு..."

"ஆடியில ஒரு வெளக்குமாறு வாங்கக்கூட நம்ம ஊர்ல யோசிப்பாங்க. நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்கே தெரியும்! தேசம் விட்டுத் தேசம் குடி போறவன் ஆடியில டிக்கெட் போடுவானால? புதுப் பொண்டாட்டி ஆத்தா வீட்டுல இருக்க மாசம்னு பாத்துத்தான போட்ட?"

மகாராஜன் வாசலை எட்டிப் பார்த்தான்; டாக்ஸி இன்னும் வரவில்லை.

"செல்வி எங்க?"

"தெரியாது மேடம்! சத்தியமா தெரியாது!"

"வண்டியில ஏறு!"

ஸ்டேஷனில் மின்விசிறி ஓடியது. ஆனாலும் அவன் சட்டை நனைந்திருந்தது. கடிகாரம் ஒரு மணியைத் தொட்டது. இப்போது கிளம்பினால்கூட விமானத்தைப் பிடித்துவிடலாம்!

"போன ஆவணியில கல்யாணம்," என்றார் ஏசுவடியாள். "பத்து மாசமா ரெண்டு பேரும் விசாவுக்குக் காத்துக் கெடந்தீங்க. ஆஸ்திரேலியா போறோம்னு புளியங்குடி ஸ்கூல்ல பாத்த டீச்சர் வேலைய விட்டுட்டா அந்தப் பொண்ணு. இப்ப ஒனக்கு மட்டும் விசா. ஒனக்கு மட்டும் டிக்கெட். நான் என்னலே நெனைக்க?"

"மேடம், எனக்கு ஃப்ளைட்டுக்கு..."

மேசையில் அறை விழுந்தது. டீ கிளாஸ் குதித்தது!

"பொண்டாட்டி எங்கன்னு கேட்டா ஃப்ளைட்டுங்கான்! ஒங்க தோட்டத்துக் கெணத்துல ஆள எறக்கச் சொல்லவா? இல்ல, நீயே சொல்லுதியா?"

"ஐயோ... நான் கொல்லல மேடம்!"

"கொன்னேன்னு யாருலே சொன்னா?"

மகாராஜன் உடைந்தான். பயத்தோடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. பத்து மாத எரிச்சல் மொத்தமும் தொண்டைக்கு வந்தது.

"அவளக் கொல்ல எனக்கு என்ன அவசியம்? அவ பேரத்தான் போன மாசமே ஃபைல்ல இருந்து எடுத்துட்டேனே! அவ வீட்டுல பொறந்தவ, பர்த் சர்டிபிகேட் கெடையாது. விசா ஆபீஸ்ல அதக் கொண்டா, இதக் கொண்டான்னு கேட்டுக்கிட்டே இருந்தானுவ. அவளால என் விசாவும் நின்னு போச்சு! இந்தா... பாருங்க!"

போனைத் திறந்து அவனே நீட்டினான். அவன் அனுப்பிய மெயில். கூடவே இங்கிலீஷில் ஒரு கடிதம். 'கணவருடன் வர எனக்கு விருப்பமில்லை. என் பெயரை நீக்கிவிடுங்கள். இப்படிக்கு, இசக்கிசெல்வி.'

"கையெழுத்து?"

"நாந்தான் போட்டேன்! அவளுக்குத் தெரியவே தெரியாது. இப்பயாவது நம்புங்க மேடம். அவ செத்தாலும் இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்!"

ஏசுவடியாள் போனை வாங்கி ஏட்டிடம் கொடுத்தார். மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் மகாராஜன் நிஜமாகவே பயந்தான்.

"செல்வி... வெளிய வாட்டி மக்கா!"

கம்ப்யூட்டர் அறைக் கதவு திறந்தது.

இசக்கிசெல்வி!

"நீ... நீ காணாமப் போகலையா?"

"காணோம்னு யாருலே சொன்னா?" என்றார் ஏசுவடியாள். "பஸ்ஸவிட்டு எறங்கி நேரா இங்கனதான் வந்தா. நீங்க கேட்டபடி பேர எடுத்தாச்சுன்னு, லெட்டர் காப்பியும் சேத்து விசா ஆபீஸ்ல இருந்து அவளுக்கு வந்த மெயில நேத்துதான் தொறந்து பாத்துருக்கா. நான் கேக்கவே இல்லையேன்னு கம்ப்ளெய்ன்ட் குடுத்தா. கையெழுத்துப் போட்டது யாருன்னுதான் தெரியல. அவ போன அணைச்சு வச்சு, அவ அப்பாவப் பேசச் சொன்னது நான். சாட்சியத் தேட நாலு மாசம் ஆகும்னு நெனச்சேன். நீயே தொறந்து காமிச்சுட்ட!"

செல்வி அவன் முன்னால் வந்து நின்றாள். பத்து மாதமாக "என்னங்க" என்று கூப்பிட்ட வாய்.

"நீ எல்லாம் மனுசனாலே?"

மகாராஜன் தலை குனிந்தான்.

"விசாவுக்குக் கேட்ட இங்கிலீஷ் பரீட்சைக்கு லெட்டர் எழுத வராம முழிச்ச. ராவும் பகலும் உக்காந்து நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அந்த இங்கிலீஷ வச்சு என் பேர்லயே எழுதியிருக்க! ஒரு தப்பு இல்ல அதுல. அதப் படிக்கப் படிக்க வயிறு எரியுது!"

"பின்னாடி ஒன்னையும் கூப்பிட்டுக்கலாம்னுதான் செல்வி..."

"செத்தாலும் இருந்தாலும் ஒண்ணுதான்னியே... அந்தப் பொண்டாட்டியயா?"

செல்வி ஏசுவடியாள் பக்கம் திரும்பினாள். "கேஸ் போடுங்க மேடம். எங்க வேணாலும் கையெழுத்துப் போடுதேன். நானே போடுதேன்!"

மகாராஜன் கடிகாரத்தைப் பார்த்தான். அழுகை முட்டியது.

"மேடம்... என் விசா... பத்து மாசம் காத்துக் கெடந்தேன் மேடம்!"

ஏட்டு சாதிக் லாக்கப்பைத் திறந்துவிட்டு, பணிவாகக் கையைக் காட்டினார்.

"வாங்க தம்பி! இங்கன பரீட்சை கெடையாது, பர்த் சர்டிபிகேட் கேக்க மாட்டோம். அப்ளை பண்ண அன்னைக்கே ரெசிடென்ஸ்!"