டெவ்லின் வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை

“பேரைச் சொல்லாதைங்கோ அம்மா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், என்ர பேரை மட்டும் சொல்லாதைங்கோ.”

“உதென்ன விசர்க்கதை? சுபாங்கி, என்ன நடந்தது உனக்கு?”

மேலே, விளக்கு எட்டாத இடத்தில், ஒரு படி கிறீச்சிட்டது.

இது இரண்டாவது. முதலாவது கிறீச்சிட்டது, போனை எடுத்த கையோடு அம்மா “ஆர், சுபாங்கியோ?” என்று கேட்டபோது. சுபாங்கி றிசீவரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குசினிக்கும் மாடிப்படிக்கும் நடுவிலிருந்த ஒடுங்கிய நடையில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். முன்கதவுக்குப் போவதென்றால் அந்தப் படிகளின் அடியைத் தாண்டித்தான் போகவேண்டும். பின்கதவை இரண்டு நாள் பனி இடுப்பளவுக்கு மூடியிருந்தது. பின்னேரம் ஐந்து மணிதான், ஆனால் டிசம்பர் மாதம், யன்னல்கள் எல்லாம் எப்போதோ கறுத்துவிட்டன. வெளியே குயின் வீதியில் ஸ்ட்ரீட்கார் ஒன்று தண்டவாளத்தில் மணியடித்துக்கொண்டு போனது. அதற்குள் ஈரச் சப்பாத்துகளோடு ஆட்கள் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார்கள். கத்தினால் கேட்கக்கூடிய தூரம். கத்தத்தான் முடியவில்லை.

அவளுக்குப் பதின்மூன்று வயது. செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்டதும் ரொறொன்ரோவின் பார்க்டேலில் இருக்கும் இந்தப் பழைய வீட்டுக்கு வருவாள். வீட்டுக்காரி பேர்ணடெற் டெவ்லின், எழுபது கடந்த தனிக்கட்டை, இரண்டு கண்ணிலும் புரை. அயர்லாந்திலிருந்து வந்து இந்த நகரத்தில் துணிக்கடை வைத்துப் பெருகிய குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆள். கண் மூடுவதற்குள் தன் பரம்பரை முழுவதையும் தேடி எடுத்துவிட வேண்டுமென்று அவருக்கு ஒரு பிடிவாதம். வரும் கடிதங்களையும் ஞானஸ்நானப் பதிவுகளையும் சுபாங்கி உரக்க வாசித்து ரேப் றெக்கோடரில் பதிந்து கொடுப்பாள். கிழவி கட்டிலில் படுத்திருந்து கேட்பார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாடியில் இருப்பவரைக் கீழேயிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கைமணி ஒன்றை அடிப்பார்கள்.

“அப்பா காலத்திலையிருந்து அப்பிடித்தான் பிள்ளை,” என்று பேர்ணடெற் ஒருநாள் சொல்லியிருந்தார், இங்கிலீஷில். “கூப்பிட்ட ஆள் மட்டும்தான் வரும் எண்டு என்ன நிச்சயம் எண்டு கேப்பார். பகிடி விடுறார் எண்டு நினைச்சுச் சிரிப்பம்.”

இன்றைக்கு அயர்லாந்துப் பாதிரியார் ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அதைப் பதிந்து வைக்கச் சொல்லிவிட்டு பேர்ணடெற் சேர்ச் விருந்துக்குப் போய்விட்டார். சுபாங்கி றெக்கோடரைப் போட்டுவிட்டு வாசித்தாள்.

வியாபாரி தோமஸ் டெவ்லின் 1847இல் எட்டு வயது மகன் மைக்கலோடு கப்பல் ஏறினார். நடுக்கடலில் காய்ச்சல் பரவியது. மைக்கலைச் சாக்குத் துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். ரொறொன்ரோவில், ஏரிக்கரையில், காய்ச்சல்காரரை அடைத்துவைத்த கொட்டிலில், தாயும் தகப்பனும் செத்துப்போன ஒரு பொடியன் நின்றான். அதே வயது. அதே உயரம். தோமஸ் அவனுடைய கையைப் பிடித்து, கப்பல் பட்டியலில் இருந்த தன் மகனின் பேரைக் கொடுத்து, நகரத்துக்குள் கூட்டி வந்தார். பிறகு வந்த டெவ்லின்கள் அத்தனை பேரும் அந்தப் பொடியனின் வழி. அவனுடைய சொந்தப் பேர் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை.

வாசித்து முடித்ததும் அவள் கடைசி வரியைத் திரும்ப வாசித்தாள். ஏனென்றால், அவளும் சுபாங்கி இல்லை.

சுபாங்கி பெரியம்மாவின் மகள், இவளைவிட ஒரு வயது மூத்தவள். ஊரில் சண்டைக்கு இடம்பெயர்ந்து கோயில் மண்டபத்தில் கிடந்த நாட்களில் பெரியம்மாவும் சுபாங்கியும் ஒரே கிழமையில் காய்ச்சலில் போனார்கள். அவர்களுக்கென்று செய்து வைத்திருந்த பாஸ்போர்ட்டில்தான் அம்மாவும் இவளும் கனடாவுக்கு வந்தார்கள். அப்போது இவளுக்கு மூன்று வயது. தன் பழைய பேர் என்னவென்று இவளுக்கு ஞாபகமில்லை. ஒருமுறை கேட்டதற்கு அம்மா கன்னத்தில் அறைந்தாள். பிறகு கட்டிப்பிடித்து அழுதாள். பேரை மட்டும் சொல்லவில்லை.

பத்து வருடமாக யாருக்கும் சொல்லாததை, ஆளில்லாத வீடுதானே என்று நினைத்து, அவள் அந்த வெறும் அறைக்குச் சொன்னாள். சத்தமாக. தமிழில்.

“மைக்கல், உன்ர பேரை ஒருத்தன் எடுத்தவனெல்லோ. நானும் அப்பிடித்தான். சுபாங்கி நானில்லை. சுபாங்கி செத்துப்போனாள்.”

ரேப் சுற்றிக்கொண்டிருந்தது.

மேல்மாடியிலிருந்து, நித்திரையால் எழும்பிய பிள்ளையின் குரலில், யாரோ “ஓம்?” என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் போனுக்கு ஓடிவந்தாள்.

“சுபாங்கி! கேக்குதோ?”

படி.

“சொல்லாதைங்கோ எண்டெல்லோ சொல்லுறன்! மற்றப் பேரைச் சொல்லுங்கோ அம்மா. என்ர பழைய பேர். அதைச் சொல்லி ஒருக்காக் கூப்பிடுங்கோ.”

அம்மாவின் குரல் பல்லிடுக்கால் வந்தது.

“மூளை கழண்டு போச்சோ? போனிலையோ உதுகளைக் கதைக்கிறது? வாற மாதம் சிற்றிசன் இன்ரவியூ. திருப்பி அனுப்பினா எங்கை போறது? உனக்கு ஒரு பேர்தான். ஆர் கேட்டாலும் சுபாங்கி. நித்திரையிலை கேட்டாலும் சுபாங்கி. விளங்கிச்சுதோ, சுபாங்கி?”

படி. படி. படி.

முதலில் வாசம்தான் இறங்கி வந்தது. அந்த வீட்டுக்கென்று இருந்த பழந்துணி, மெழுகு, பூனை மணங்களை ஒதுக்கிக்கொண்டு, மல்லித்தண்ணி வாசம். காய்ச்சல்காரருக்கு அவித்துக் கொடுக்கும் மல்லித்தண்ணி. அதற்கு அடியில், பல நாள் ஆள் எழும்பாத பாயின் புளித்த வாசம்.

பிறகு கால்கள். வெறும் கால்கள். கறுத்து மெலிந்த, நாலு வயதுக் கால்கள்.

அவற்றுக்குப் பின்னால், மேல்படியில், இன்னும் இரண்டு, எட்டு வயதுக் கால்கள். வெள்ளையாய் ஊறி உப்பியவை. அவை இறங்கவில்லை. விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. காத்து நின்றன.

“சுபாங்கி? சுபாங்கி!” அம்மா இப்போது அழுதுகொண்டிருந்தாள். “எங்கையடி நிக்கிறாய்? சுபாங்கி!”

வேண்டாம். அம்மா, வேண்டாம்.

குரல் வரவில்லை.

படி. படி. நிலம்.

அது விளக்கு வெளிச்சத்துக்குள் வந்தது. கோயில் கயிறு கட்டிய மணிக்கட்டு. வெடித்த உதடு. இவள் நிற்பதைக் கண்டதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. கையை நீட்டி றிசீவரைப் பிடித்தது. விரல்கள் பட்ட இடம் கொதித்தது. அடுப்புச் சட்டியைத் தொட்டதுபோல. அவளுடைய கை தானாக விட்டுவிட்டது.

“ஓம்,” என்றது அது போனுக்குள். “இஞ்சைதான் நிக்கிறன்.”

“அப்பாடா!” அம்மாவின் மூச்சு றிசீவருக்கு வெளியிலும் கேட்டது. “இப்பத்தான் உன்ர குரல் வடிவாக் கேக்குது. பயப்பிடுத்திப் போட்டாய். உடனை வெளிக்கிட்டு வீட்டை வா, என்ன?”

“ஓம். வாறன்.”

அவள் “அம்மா” என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. அந்தப் பிள்ளை றிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, முதன்முதலாக நிமிர்ந்து அவளைப் பார்த்தது. கோபமில்லை. கலியாணவீட்டில் தெரியாத பிள்ளை ஒன்றைக் கண்டால் பார்க்கிற அதே பார்வை.

“நீ ஆரின்ர பிள்ளை?”