கடைசி ஆளின் தட்டல்

ஊரைக் கண்ணால் பார்க்கக் கூட்டிக்கொண்டு போக ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காதால் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவது நான் ஒருத்தன்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ரயில் நிலைய வாசலில் கூடுவோம். எல்லார் கண்ணிலும் கறுப்புத் துணி கட்டிவிடுவேன். முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்து வரிசையாக நடக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. வழிகாட்டும் எனக்கு மட்டும் துணி கிடையாது.

பேச்சு இல்லை என்பதால் ஓர் ஏற்பாடு. நான் விசிலடித்ததும் கடைசி ஆள் தனக்கு முன்னால் இருப்பவர் தோளில் இரண்டு தட்டு தட்டுவார். அது கை மாறிக் கை மாறி என் தோளுக்கு வந்துவிடும். வந்தால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். திரும்பிப் பார்க்கிற வேலையே எனக்கு இல்லை.

அன்றைக்கு என் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு போனேன். வேலை போனதிலிருந்து வீட்டை விட்டு அசையாமல் கிடந்தாள் பாவம். வழக்கம்போல, புதுசாக வந்தவளை வரிசைக் கடைசியில் நிறுத்தினேன். அவளுக்கு முன்னால் ஓய்வு பெற்ற தபால்காரர்.

"அண்ணா, கடைசி வேண்டாமே. பின்னாடி யாருமே இல்லாம ஒரு மாதிரி இருக்கு."

"ஆமா, பேய் வந்து பிடிச்சுக்கிட்டுப் போகப்போகுது. சும்மா நில்லு. நான் இருக்கேன்ல?"

பாத்திரக் கடை, தையல் மெஷின்கள், எங்கோ ஒரு வீட்டில் அழும் குழந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே போய், தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கப்பாதையில் இறங்கினோம். ஈர வாடை மூக்கில் ஏறியது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. எங்கள் காலடிச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும், அது எனக்குப் பழக்கம்தான். அன்றைக்குத் திரும்பி வந்த சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. எங்களைவிட நிறையப் பேர் நடக்கிற மாதிரி.

விசிலடித்தேன்.

தட்டல் வந்தது. அப்பாடா என்று மேலே ஏறினேன்.

வெயிலில் நிறுத்தி, துணிகளை அவிழ்க்கச் சொல்லித் திரும்பினேன். தபால்காரருக்குப் பின்னால் யாரும் இல்லை.

"தங்கச்சி எங்க சார்?"

"இப்பதானே தட்டினாங்க?" தோளைத் தடவிக்கொண்டார். "கைதான் ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சு."

வந்த வழியே ஓடினேன்.

சுரங்கப்பாதையின் நடுவில், மூடிக் கிடக்கும் பழைய கிளைப்பாதையின் கம்பிக் கதவை நோக்கி அவள் நடந்துகொண்டிருந்தாள். கண்ணில் துணி. வலது கை தோள் உயரத்தில், எதையோ பிடித்தபடி.

அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

கம்பிக் கதவு திறந்திருந்தது.

துணியைப் பிடுங்கி எறிந்து, அவளைக் கட்டிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன். அவள் அழவில்லை.

"ஏண்ணா நிறுத்திட்ட?" காதருகில் கிசுகிசுத்தாள். "பின்னாடி இருக்கிறவங்களைக் கையை எடுக்கச் சொல்லேன்."

வண்டி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். மாடிப்படியில் அவளை முன்னால் விட்டு, தோளில் கை வைத்துக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். இனி செத்தாலும் இவளைக் கடைசியில் விடமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பாதிப் படியில் என் தோளில் இரண்டு தட்டு.

ஜில்லென்று.

யாரும் விசிலடிக்கவில்லை. நான் மூச்சுக்கூட விடவில்லை. தங்கச்சி நின்றுவிட்டாள். திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

"உனக்கு வந்துடுச்சுல்ல, அண்ணா? எனக்குக் கொடு."