நாற்பதாவது ஆள்

கோடை விடுமுறையில் உளவியல் துறைக்கு ஆராய்ச்சி உதவியாளராக வந்து சேர்ந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கிடைத்ததோ ஜன்னலில்லாத ஓர் அறை, மக்கிய கம்பளத்தின் வாடை, தூக்கமின்மை பற்றிய கேள்விகள் ஏற்றிய ஒரு கணினி. இரண்டாம் வருஷ மாணவிக்கு அதுவே அதிகம், மகாராணிக்குத்தான் அது உறைக்கவில்லை. எதிரே உட்கார்ந்து மனக்குறையைச் சொன்னவர்களை எல்லாம் அழுமூஞ்சிக் கூட்டம் என்று விடுதியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நாற்பது பேரைப் பேட்டி கண்டு முடித்தால் பேராசிரியர் சிபாரிசுக் கடிதம் தருவார். அது இல்லாமல் மேல்படிப்பு இல்லை. முப்பத்தொன்பதோடு ஆள் வரத்து நின்றுபோனது. கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில், இல்லாத ஒருத்தியைத் தானே கணினியில் உண்டாக்கினாள். பெண், வயது ஐம்பத்திரண்டு. தூக்கம்: அறவே இல்லை. தனியாக வசிக்கிறீர்களா: ஆம். அவ்வளவுதான். பொய் சொல்லக்கூட மெனக்கெடாத சோம்பேறி.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

வந்த அம்மாளுக்குக் கண்ணுக்குக் கீழே கன்றிப்போன கறுப்பு. உட்கார்ந்தாள். யார் உட்கார்ந்தாலும் கிரீச்சிடும் நாற்காலி சத்தமே போடவில்லை.

ஆள் எடுப்பது முடிந்துவிட்டது என்று இவள் அலட்சியமாகச் சொன்னாள்.

"நான்தான்மா நாப்பதாவது ஆளு."

ஈரத்துணி வாடை அறையை அடைத்தது.

"நீ எழுதின நேரத்துலேர்ந்து கண்ணு மூடல. வீட்டுக்குப் போகலாம்னா, வீடுன்னு ஒண்ணு நீ எழுதவே இல்லையே."

இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது நாற்காலி காலி.

அப்போதே அந்தப் பதிவை அழித்துவிட்டு, பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடிதம் போய்விடுமே! உயிர் போகிற பயத்திலும் கணக்குப் போடுகிற புத்தி. பதில்களை மாற்றினாள். தூக்கம்: நன்றாக வருகிறது. தனியாக வசிக்கிறீர்களா: இல்லை. விட்டது சனியன் என்று மூச்சு விட்டாள்.

இல்லை என்று பதில் போட்டால், யாருடன் என்ற அடுத்த கேள்வி தானாகத் திறக்கும். அதை மறந்துவிட்டாள்.

திறந்தது.

கட்டம் காலியாக இல்லை. இவளுடைய விடுதி அறை எண் அதில் இருந்தது.

கடிதம் கிடைத்தது. கடின உழைப்பாளி, நேர்மையானவள் என்று பேராசிரியர் அதில் தாராளமாக எழுதியிருந்தார். படித்துப் பார்க்க இவளுக்குக் கண் நிலைக்கவில்லை. ஒன்பது நாளாய்ப் பொட்டுத் தூக்கம் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் அங்கிருந்து குறட்டைச் சத்தம் வந்துகொண்டே இருக்கிறது, மிக நிம்மதியாக.