வேலிக்கு அந்தப்பக்கத்துச் சோளம்

வேன் அசையவில்லை.

கோரா மிதிக்க மிதிக்க, பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தனவே தவிர ஓர் அங்குலம்கூட முன்னால் போகவில்லை. பனி உருகி மண்சாலைகளெல்லாம் கூழாகிக் கிடக்கும் ஏப்ரல். போதாதென்று மழை வேறு... மெல்லிய, விடாத மழை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் மாநிலத் தலைநகர் மான்ட்பீலியரின் சட்டசபையில் போய் நின்று பேசியாக வேண்டும். மரபணு மாற்றிய பயிர் கலந்த உணவென்றால் பொட்டலத்தின் மேல் அதை அச்சிட்டே ஆகவேண்டும் என்ற மசோதாவுக்கு ஆதரவாக. கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு முழுக்க இப்போது சேற்றில் நின்றுகொண்டிருந்தது.

எதிரே ஒரு டிராக்டர் வந்து நின்றது. இறங்கியவன் நல்ல உயரம். தொப்பி விளிம்பிலிருந்து மழை சொட்டியது. அதற்குக் கீழே இரண்டு சாம்பல்நிறக் கண்கள்... சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் கண்கள்.

"மிதிக்காதீங்க. மிதிச்சா இன்னும் கீழதான் போகும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் மிதிச்சீங்களா?"

கோராவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் அதற்குள் சேற்றில் முழங்காலிட்டு, வேனுக்கு அடியில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான். நனைந்த சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் பார்வையைச் சட்டென்று சாலைக்குத் திருப்பிக்கொண்டாள்.

வேன் கெட்டியான தரைக்கு வந்ததும் அவன் சங்கிலியைச் சுருட்டினான். "உள்ள என்ன, பேக்கரியா? வாசனை ஆளைத் தூக்குது."

"மக்காச்சோள பிஸ்கட். நானும் அக்காவும் போடறோம்." ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

அங்கேயே ஒன்றை எடுத்துக் கடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். "இதுக்காகவே நீங்க தினம் மாட்டிக்கலாம்" என்றான்.

போகிற வழியெல்லாம் கோரா சிரித்துக்கொண்டே ஓட்டினாள். பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

பெயரைத் தெரிந்துகொள்ள வெகு நேரம் ஆகவில்லை. சட்டசபைக் குழுவின் அறையில் அவள் பேசி முடித்து உட்கார்ந்ததும், "அடுத்து... எம்மட் பிராட், பால்பண்ணை" என்று கூப்பிட்டார்கள். தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து வந்தவன்... அவனேதான். மசோதாவை எதிர்த்துப் பேச வந்திருந்தான்.

"எங்க குடும்பம் மாட்டுக்குப் போடறது மரபணு மாற்றின சோளம்தான்" என்றான் அமைதியாக. "அதுல ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல. ஆனா சட்டம் போட்டு அச்சிடச் சொன்னா, ஜனங்க அதை விஷம்னுதான் படிப்பாங்க."

அவனை அடுத்து, கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினர் கோராவிடம் அவள் சோளம் எங்கே விளைகிறது என்று கேட்டார். அவள் இந்த வருஷம் குத்தகைக்கு எடுத்த நிலத்தைச் சொன்னாள். எம்மட் திரும்பிப் பார்த்தான். அது அவன் வயலை ஒட்டிய நிலம். நடுவே ஒரு கம்பிவேலி மட்டும்.

கோரா சட்டென்று எழுந்து நின்றாள். "அப்போ எனக்கு ஒரு கேள்வி. அவர் சோளத்தோட மகரந்தம் காத்துல பறந்து என் கதிர்ல விழுந்தா, பரிசோதனையில என் மாவு தேறாது. என் பொட்டலத்துல இருக்கிற 'மரபணு மாற்றாதது'ங்கிற வரியை நான் அழிக்கணும். அந்த வரியை நம்பித்தான் கூட்டுறவுக் கடை என் சரக்கை எடுக்குது. வேலி போட்டா காத்து நிக்குமா?"

அறை கசகசத்தது. எல்லோருடைய கண்களும் எம்மட் மேல்... ஏதோ திருடனைப் பார்ப்பதுபோல. அவன் காது சிவந்தது. கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தான்.

வெளித் தாழ்வாரத்தில் அவளே அவனை வழிமறித்தாள்.

"பாலுக்கு லேபிள் வேண்டாம்னு மசோதாவுலயே எழுதியிருக்கு. அப்புறம் எதுக்கு வந்து எதிர்த்துப் பேசினீங்க?"

"லேபிளைப் பால்ல ஒட்ட மாட்டாங்க. என் மேல ஒட்டுவாங்க. இப்ப நீங்க ஒட்டினீங்களே, அந்த மாதிரி."

அவளுக்குச் சுருக்கென்றது. மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள், "எம்மட், நனையாம வா" என்று ஒரு குரல். வெளிர்நிறக் கோட்டு, பளபளக்கும் பூட்ஸ், கையில் விரித்த குடை. விதைக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி பெய்ஜ். இந்த வட்டாரத்துப் பண்ணைகளெல்லாம் அவளிடம்தான் விதை வாங்கின. அவள் உரிமையோடு எம்மட்டின் முழங்கையைப் பிடித்தாள். இருவரும் ஒரே குடையில் படியிறங்கிப் போனார்கள்.

மன்னிப்பு, வந்த வழியே திரும்பிப் போயிற்று.

மசோதா நிறைவேறியது. ஊரே கொண்டாடியது. கோராவும் கொண்டாடத்தான் செய்தாள்... ஆனால் குடை ஒன்று கண்ணுக்குள் விரிந்தபடியே இருந்தது.

மே மாதம் பிறந்தது. கோரா தன் நிலத்தில் விதைத்து முடித்தாள். பக்கத்து வயல் உழுதபடியே வெறுமனே கிடந்தது. மற்ற பண்ணைகளில் எல்லாம் முளை தெரிய ஆரம்பித்த பிறகும் எம்மட் விதைக்கவில்லை. அவன் வீட்டு வாசலில் மட்டும் பெய்ஜின் வெள்ளைக் கார் அடிக்கடி நின்றது.

"இன்னிக்கும் கார் நிக்குது" என்றாள் கோரா, அடுப்பிலிருந்து தட்டை இழுத்தபடி.

"எந்தக் கார்?" அக்கா ஜோசெட் தலை நிமிரவில்லை.

"அதான்... விதைக்காரி. விதை விக்க எத்தனை வாட்டி வரணும்?"

"அவ வந்தா உனக்கென்னடி?"

"எனக்கென்ன. ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

"சும்மா சொன்னதுல பிஸ்கட் கருகிப்போச்சு பாரு."

கருகித்தான் போயிருந்தது. கோரா அந்தத் தட்டைப் பன்றிகளுக்குக் கொட்டிவிட்டு வந்து, மறுபடி மாவு பிசைந்தாள். தேவைக்கு மேல் பலமாகவே பிசைந்தாள்.

ஜூன் கடைசியில், விவசாயிகள் மன்றத்து ஹாலில் ஸ்ட்ராபெரி விருந்து. நீள மேஜைகள், பழச்சாறு ஊறிய பிஸ்கட், மேலே குவித்த க்ரீம். மசோதாவுக்காக வாதாடிய இளம் வக்கீல் தியோவும் வந்திருந்தான். அவன் கோராவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் காதில் பாதிதான் விழுந்தது. எதிர் மேஜையில் எம்மட். அவன் பக்கத்தில் பெய்ஜ். அவள் குனிந்து அவன் காதருகே ஏதோ சொல்ல, அவன் தலையாட்டினான்.

கோரா தியோ சொன்ன ஏதோ ஒன்றுக்கு உரக்கச் சிரித்தாள். சிரித்துவிட்டு எதிர் மேஜையைப் பார்த்தாள். எம்மட் தன் தட்டிலிருந்த ஸ்ட்ராபெரியைக் கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தான்.

தட்டுகளை வைக்கும் இடத்தில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். வந்ததென்னவோ வேறு.

"உங்க சோளம் இந்த வருஷம் கணுக்காலுக்குக்கூட வரலையே. ஊர்ல எல்லாருக்கும் முட்டியளவு வந்தாச்சு. விதைக்க நேரமில்லையோ... விருந்தாளி அதிகம்போல."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். அந்தச் சாம்பல்நிறக் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை.

"ஆமா. தாமதமாத்தான் விதைச்சேன்" என்றான். "உங்க வக்கீல் தேடறார், போங்க."

'உங்க வக்கீலாம்...' வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. தன் வார்த்தை அதைவிட அதிகமாக உறுத்தியது.

ஜூலையில் அவள் சோளம் பூவெடுத்தது. உச்சியில் பூ விரிந்து, தொட்டால் பொன்தூள் உதிர்ந்தது. பக்கத்து வயல் பூத்தால் முடிந்தது கதை என்று பயந்து பயந்து தினமும் வேலிக்கு வந்து பார்த்தாள். ஒருநாள் காலை, மழை விட்ட ஈரத்தில் வரிசைக்குள் நடந்து ஒரு கதிரைப் பிடித்துப் பார்த்தாள். பட்டு நூலாகத் தொங்கிய குஞ்சம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. எல்லாக் கதிரிலும் அப்படித்தான். இனி எந்த மகரந்தம் பறந்து வந்தாலும் அவள் கதிரில் ஒட்டாது. கரு பிடித்தாகிவிட்டது.

நிம்மதியாக மூச்சுவிட்டு, வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்தாள். எம்மட்டின் சோளம் இடுப்பளவில் பச்சைப்பசேலென்று நின்றது. ஒரு செடியில்கூடப் பூ இல்லை.

பூ இல்லை.

கோரா அங்கேயே நின்றுவிட்டாள். மே முழுக்கச் சும்மா கிடந்த நிலம்... ஜூனில் விதைப்பு... அவள் பூ முடியும்வரை அவன் பூ வராமல்...

"இப்பவாவது தெரிஞ்சுதா?"

திரும்பினாள். சாலையோரம் வெள்ளைக் காரிலிருந்து பெய்ஜ் இறங்கி வந்துகொண்டிருந்தாள். பளபளக்கும் பூட்ஸில் இன்று நன்றாகச் சேறு.

"வாங்கின விதையைத் திருப்பிக் குடுத்துட்டான். சீக்கிரம் விளையற ரகம் வேணும்னான், தாமதமா விதைச்சாலும் பனிக்கு முன்ன தேறணுமாம். அது கிடைக்க நான் அலையாத இடமில்ல. இந்த ரகத்துல மகசூலும் கம்மி. எதுக்கு இந்த வேலைன்னு கேட்டா வாயே திறக்கலை."

"எனக்கு... எனக்குத் தெரியாது" என்றாள் கோரா.

"நான் அவனை வெளியில சாப்பிடக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லிடறேன், விதைக்காகக் கூப்பிடல." பெய்ஜ் வேலிக் கம்பியில் கை வைத்துக்கொண்டாள். "வந்தான். சாப்பாடு முழுக்க, உன் ரகம் எத்தனை நாள்ல பூக்கும்னு என்கிட்ட கணக்குக் கேட்டுட்டு இருந்தான். அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. விருந்துல காதுல என்ன சொன்னேன் தெரியுமா? 'போய்ச் சொல்லித் தொலை'ன்னேன். அவன் கேக்கலை. அதான் நான் சொல்றேன்."

கோராவுக்கு அவள் மேல் இத்தனை நாள் வைத்திருந்த கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. "நன்றி" என்று மட்டும் சொல்ல முடிந்தது. பெய்ஜ் தோளைக் குலுக்கிவிட்டுக் காருக்கு நடந்தாள். அந்த முதுகு கொஞ்சம் விறைப்பாகவே போனது.

எம்மட் கொட்டிலில் மாடுகளுக்குத் தீவனம் தள்ளிக்கொண்டிருந்தான். மழை மறுபடி பிடித்திருந்தது. தலையெல்லாம் நனைந்து வாசலில் நின்றவளைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"ஏன் சொல்லலை?" என்றாள்.

என்ன கேட்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. "சொன்னா, சட்டசபையில நீ கேட்ட கேள்விக்குப் பயந்து செஞ்ச மாதிரி இருந்திருக்கும்."

'நீங்க' போய் 'நீ' வந்ததை இருவருமே கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"செப்டம்பர்ல பனி சீக்கிரம் விழுந்துட்டா? உன் மாடுங்க குளிர்காலத்துக்கு எதைத் தின்னும்?"

"என்னைத் திட்டும். திட்டு வாங்கிக்கறேன்." சிதறிய தீவனத்தைக் காலால் ஒதுக்கினான். "சட்டம் விஷயத்துல நான் இன்னும் மாறலை, கோரா. அது தப்புன்னுதான் நினைக்கறேன். ஆனா உன் பொட்டலத்துல இருக்கிற வரியை என் சோளம் பொய்யாக்கறது... அதை என்னால பாத்துட்டு இருக்க முடியாது."

"நீ மாற வேண்டாம். நானும் மாறலை." அவள் வாசலிலிருந்து உள்ளே வந்தாள். "ஆனா அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உன்னைக் குத்தவாளி மாதிரி நிக்க வெச்சேன். விருந்துல வேற... மன்னிச்சுடு. அது வாய்க்கொழுப்பு இல்ல. பொறாமை."

"யார் மேல?"

"தெரியாத மாதிரி கேக்காதே. அந்த வெள்ளைக் கார் உன் வாசல்ல நின்ன நாளெல்லாம் எங்க அடுப்புல பிஸ்கட் கருகிச்சு. அக்கா என்னைச் சமையல் பக்கமே வராதேன்னுட்டா."

அவன் சிரித்தான். சேற்றுச் சாலையில் அடக்கி வைத்திருந்த அதே சிரிப்பு, இப்போது அடக்காமல். பிறகு மெல்லத் தணிந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும். அந்த வக்கீல் நல்லவன்தான். எனக்கு எந்தக் கெடுதலும் செய்யலை. ஆனா அன்னிக்கு அவன் உன் பக்கத்துல உக்காந்து, நீ சிரிச்சே பாரு... அந்த மனுஷனை நாற்காலியோட தூக்கிட்டுப்போய் ஆத்துல போட்டா என்னன்னு தோணிச்சு."

"அவன் சொன்னது என்னன்னே எனக்குத் தெரியாது. உன்னைப் பாக்க வைக்கத்தான் சிரிச்சேன்."

"பாத்தேன். ஏப்ரல்லேர்ந்து பாத்துட்டுத்தான் இருக்கேன்." நனைந்து அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை அவன் விரல் நுனியால் ஒதுக்கினான். "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, கோரா. வயலைத் தாமதமா விதைச்சேன்... இதையும் தாமதமாத்தான் சொல்றேன்."

மழை தகரக் கூரையில் கொட்டியது. அவள் ஓரடி முன்னால் வந்து, அவன் ஈரச் சட்டையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லு" என்றாள். "மழையில சரியா கேக்கலை."

அவன் மறுபடி சொன்னான்.